செங்கல் குழியில் மீன் விட்ட கதை

என் வீட்டுக்காரர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போவதற்கு முந்தின வருஷம், எங்கள் நிலத்தின் மேற்கு மூலையைச் செங்கல் சூளைக்காரர்களுக்கு விட்டார். ஆம்பூரைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் தோல் பதனிடுகிற கிடங்குகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கல் அறுக்க எங்கள் களிமண் நன்றாக இருக்கிறது என்று வெட்டி வெட்டி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் குழியை மூடித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூடவில்லை. அந்த ஐப்பசியில் குழி நிரம்பியது. வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "நான் திரும்பி வந்து மூடிக்கிறேன்" என்றார்.

அவர் திரும்பி வரவில்லை. சுரங்கத்துக்குள் பாறை சரிந்துவிட்டதாம். அவரோடு வேலை செய்த நாட்றம்பள்ளி ஆள் ஒருவர் அவருடைய கம்பளியையும் தகர டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப்போனார். எங்களுக்கு ஒரே மகள். அவளை அதற்கு முன்பே நெமிலியில் கட்டிக் கொடுத்திருந்தோம். காரியத்துக்கு வந்தவள் இரண்டு வாரம் இருந்தாள். பிறகு மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். அவள் ஏறிப்போன வண்டி திருப்பத்தில் மறைந்ததும் நான் உள்ளே போய்ச் சோறு வடித்தேன். பழைய பழக்கத்தில் மூன்று பேருக்கு வடித்துவிட்டேன்.

விரிஞ்சிபுரத்திலிருந்து என் அண்ணன் வந்து கூப்பிட்டார். போய் ஒரு மாசம் இருந்தேன். அண்ணி ஒன்றும் குறையாக நடத்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் அது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்து அங்கேயே வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

என் நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரராக எனக்கு இருந்த ஒரே உறவு, என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை. அவரிடம் இரண்டு ஜோடி மாடு, மூன்று மகன்கள். எனக்கு மாடும் இல்லை, ஆளும் இல்லை. மழை விழுந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவர் எதிரில் நேராக நின்று பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கதவு ஓரம் நின்று அவர் சம்சாரத்திடம் சொல்வேன்.

"அக்கா, ஈரம் காயறதுக்குள்ள ஒரு உழவு ஓட்டித் தரச் சொல்லுங்க."

உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வரும். "நாளைக்கு அனுப்பறேன்னு சொல்லு."

அந்த 'நாளைக்கு', அவருடைய கடைசி வயலும் உழுது முடிந்த பிறகுதான் வரும். கெட்ட மனுஷர் இல்லை. தன் வயல், தன் மச்சான் வயல், பிறகு நான். யார் வீட்டிலும் அந்த வரிசைதான் இருந்திருக்கும். ஆனால் பயிர் அதற்காகக் காத்திருக்குமா? இரண்டு வருஷம் பருவம் தப்பி நட்டேன். கதிர் நிமிர்ந்தே நின்றது. கையில் கசக்கினால் பதர்தான் பறந்தது.

அந்தச் சமயத்தில்தான் மீன் இலாகா ஆள் எங்கள் ஊருக்கு வந்தார். காக்கித் தொப்பி, சைக்கிள், வேட்டியைக் கால்சட்டை மாதிரி கட்டியிருந்தார். பிள்ளையார் கோயில் எதிரே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலூர்க் கோட்டை அகழியில் மீன் வளர்க்கிறார்கள், அதே மாதிரி குட்டையிலும் கிணற்றிலும் வளர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போன நான் வேப்பமரத்துக்குப் பின்னால் குடத்தோடு நின்றுவிட்டேன்.

"மீன் ஆத்துல இருக்கும், ஏரியில இருக்கும். அத எவன் வளத்தான்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கு இன்னா எரு போடணும்?" என்றார் இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு.

அவர் கோபப்படவில்லை. "சாணி போட்டா போதும். கொஞ்சம் தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு. ஏர் ஓட்ட வேண்டாம், நாத்து நட வேண்டாம், களை எடுக்க வேண்டாம்" என்றார்.

மற்றதெல்லாம் என் காதில் விழுந்து போய்விட்டது. ஏர் ஓட்ட வேண்டாம் என்றது மட்டும் நின்றது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறவரை காத்திருந்தேன். முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நடுரோட்டில் அதுவரை பேசியதில்லை.

"ஐயா, செங்கல் வெட்டின குழி ஒண்ணு இருக்குது. அதுல வருமா?"

"கோடையில தண்ணி நிக்குமா?"

"இடுப்பளவு நிக்கும்."

"கிடங்குத் தண்ணி அதுல கலக்குதா?"

"அது கெழக்கால ஓடுது. என் கெணத்தக் கெடுத்துட்டுது. குழி மேக்கால இருக்குது, மேட்டுல."

அவர் வந்து பார்த்தார். குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "வீட்ல ஆம்பிளைங்க யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். சற்று யோசித்து, "பரவாயில்ல. வலை போடற அன்னிக்குத்தான் ஆள் வேணும்" என்றார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில் மழை பிடித்ததும் குஞ்சுகள் வந்தன. தகர டின்களில் தண்ணீரோடு ஜட்கா வண்டியில் கொண்டுவந்தார். எல்லாம் கெண்டை வகை. டின்னைக் குழித் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பிறகு மெல்லச் சாய்த்தார். சீரகம் சிந்தின மாதிரி போயின. அவ்வளவுதான். தண்ணீர் முன்பு போலவே கலங்கலாகக் கிடந்தது. வண்டி போய்விட்டது. நான் கரையில் உட்கார்ந்து, ஏமாந்துவிட்டோமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தினமும் காலையில் வழியில் பொறுக்கிய சாணியைக் கரைத்து ஊற்றுவேன். சாயங்காலம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டையாகப் போடுவேன். ஒன்றும் தெரியாது. உருண்டை முழுகும், சில குமிழி வரும். பாம்பு தின்றுவிட்டதா, கொக்கு தின்றுவிட்டதா, ஒன்றுமே இல்லையா என்று யாரைக் கேட்பது? அந்த வழியாகப் போகிறவர்கள், "இன்னா, மீனு குட்டி போட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். உயிரை வளர்த்து விற்கப் பார்க்கிறாள், புருஷனைத் தின்றது போதாதா என்று ஒருத்தி சொன்னது என் காதுக்கு வந்தது.

அந்த நாட்களில் சில சமயம் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அது நமக்குத் தெரியாது. யாராவது வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வாய் திறக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். அப்போதுதான் தெரியும். மார்கழியில் ஒரு சாயங்காலம் உருண்டையைப் போட்டுவிட்டு, எதற்கென்று தெரியாமல் "வா, வா" என்று சொன்னேன். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் புடைத்தது. ஒரு முதுகு. பிறகு இன்னொன்று. என் உள்ளங்கை அகலம் இருக்கும். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று சொல்ல முடியவில்லை. வேறு யாரிடமாவது "அதோ பாரு" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் சோளத்தட்டுப் போர்தான் நின்றது.

மீன் பெருத்ததும் ஆம்பூர் மார்க்கெட்டிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். வயசான பாய். கரையில் குந்தி, தண்ணீரையே பார்த்துவிட்டு, "பாலாறு காஞ்சி கெடக்குது தங்கச்சி. மீனு கம்மி, கல்யாணம் ஜாஸ்தி. நீ புடிச்சி வை, நான் வண்டி கொண்டாறேன்" என்றார். எந்த நாள் என்று கேட்டார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

வலையை ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்திடம் விலைக்கு வாங்கிக்கொண்டேன். ஆனால் குழியின் அகலத்துக்கு அதை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். யாருடைய தயவும் வேண்டாம் என்றுதானே இந்த வேலைக்கு வந்தேன். கடைசியில் மூத்தார் வீட்டு வாசலுக்கே போய் நின்றேன்.

"பசங்க மல்லாட்ட புடுங்கப் போறானுங்க. இன்னொரு நாளு பாக்கலாம்" என்றாள் அவர் சம்சாரம்.

முதலில் அவர்கள் வேர்க்கடலை, பிறகு என் மீன்; மறுபடியும் அதே 'நாளைக்கு'தான். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தோல் கிடங்குக்கு நடந்தேன். வேலை விடுகிற நேரம். தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். தலையெல்லாம் பட்டைத் தூள், கை முழங்கை வரைக்கும் சிவப்பு. அவர்களில் ஒருத்தியை எனக்கு முகம் தெரியும். எங்கள் வரப்பு வழியாகத்தான் தினமும் போவாள், பாடிக்கொண்டே போவாள். அவளை நிறுத்திக் கேட்டேன்.

"வலை இழுக்க ஆள் வேணும். மீனாவே கூலி தர்றேன். வருவியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தெருவு ஒண்ணும் சொல்லாதா எக்கா?"

"குழி என்னுது."

அவள் சிரித்தாள். "வெள்ளிக்கெழம கெடங்குக்கு லீவு. வர்றோம்."

வந்தார்கள். ஐந்தாறு பெண்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் குழியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்பு கேட்டதில்லை. ஒருத்தி வழுக்கி விழுந்தாள், எழுந்தபோது அவள் ரவிக்கைக்குள் ஒரு மீன் துள்ளியது. எல்லோரும் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாகியிருந்தது என்று சிரிக்கும்போதே நினைத்தேன். பாய் வந்து கூடைகளை ஏற்றிக்கொண்டு போனார். மீந்த மீனைக் கரையிலேயே அடுப்பு கூட்டிக் குழம்பு வைத்தேன். அவர்களோடு உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவில் அவர்களுக்குத் தண்ணீர் கூட உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றுவார்கள். அது எனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு அதைப் பற்றி யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பசி, மீன் வெந்துவிட்டது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

தெரு யோசித்துக்கொண்டது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கு அடுப்பு மூட்ட நெருப்பு வாங்கப் போனேன். "அணைஞ்சிபோச்சி" என்றார்கள். அவர்கள் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வைகாசி மாசம் மூத்தாரின் மூத்த மகனுக்குக் கல்யாணம். மேளச் சத்தத்தை என் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டேன். என்னை யாரும் வந்து அழைக்கவில்லை. பட்டை இடிக்கிற பெண் மட்டும் வேலை முடிந்து போகிற வழியில் வரப்பில் நிற்பாள். "இன்னாக்கா சாப்ட்ட?" என்பாள். நான் சொல்வேன். அவள் போய்விடுவாள். ஒரு நாளைக்கு எனக்கு அந்தப் பேச்சுதான்.

மறு வருஷமும் குஞ்சு விட்டேன். போன வருஷம் வலைக்குத் தப்பின பெரிய மீன்களும் குழியில் இருந்தன. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குழியின் கீழ்க்கரை சரிந்து, தண்ணீர் மடமடவென்று மூத்தாரின் நெல் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டிப் போட்டேன். போட்ட மண்ணெல்லாம் கரைந்து போயிற்று. மீன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலில் போவது தெரிந்தது. கத்தினேன், யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆட்கள் வந்தார்கள். என் கரைக்கு வரவில்லை, வயலுக்கு வந்தார்கள். கூடை, முறம், வேட்டி என்று கையில் கிடைத்ததோடு இறங்கினார்கள். மூத்தாரின் மகன்கள், அடுப்புக்கு நெருப்பு இல்லை என்றவர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடாதவர்கள் எல்லோரும் முழங்கால் சேற்றில் ஓடி ஓடிப் பிடித்தார்கள். "இந்தாடா, இம்மாம் பெரிசு!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். நான் மண்வெட்டியோடு மேலே நின்றேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மீன் யாருடையது என்று ஞாபகம் வந்துவிடும்.

அன்று மத்தியானம் தெரு முழுக்க மீன் குழம்பு வாசனை. நான் அடுப்பே மூட்டவில்லை. பொழுது இறங்குகிற சமயம் கதவு தட்டுகிற சத்தம். மூத்தாரின் சம்சாரம் வாசலில் நின்றாள், கையில் மூடின கிண்ணம்.

"கொஞ்சம் கொழம்பு" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வாங்கிக்கொண்டேன். "புளி ஜாஸ்தியா போய்ட்டுது" என்றாள். "பரவாயில்லக்கா" என்றேன். அவள் போய்விட்டாள். என் மீனை எனக்கே கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாளே என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெருப்பு இல்லை என்ற நாளுக்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து என் வீட்டுக்குள் வந்த முதல் கிண்ணம் அது. பழைய சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். புளி ஜாஸ்திதான்.

வெயில் காலம் வந்ததும் மூத்தார் தன் வயலின் தாழ்ந்த மூலையில் ஆள் விட்டு வெட்ட ஆரம்பித்தார். கிணறு என்று நினைத்தேன். கிணற்றுக்கு அவ்வளவு அகலம் எதற்கு? சில நாள் கழித்து அவர் என் கரைக்கு வந்தார். முதல் தடவையாக இடையில் யாரும் இல்லாமல் என்னிடம் பேசினார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

"எம்மா, சாணி எப்ப போடணும்? குஞ்சு விடறதுக்கு முந்தியா, அப்புறமா?"

"முந்தியே போடணும் மாமா. தண்ணி பச்சையா மாறினப்புறம் விடணும்."

"செரி." போகவில்லை, நின்றார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்களுக்கு எதுக்கு மாமா இது? ரெண்டு ஏர் இருக்குது, மூணு பசங்க இருக்கறாங்க."

அவர் தோல் கிடங்கின் புகைபோக்கியைப் பார்த்தார். "பெரியவன் பெண்டாட்டியோட ராணிப்பேட்டைக்குப் போய்ட்டான். நடுவுலவன் கெடங்குல சேந்துட்டான், வாரக் கூலி வருதாம். சின்னவனும் அதத்தான் சொல்லிட்டிருக்கான். நான் ஒருத்தன் ரெண்டு ஏர் எப்படி ஓட்டறது? ஒரு ஜோடிய வித்துடலாம்னு இருக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "வயசாய்ட்டா பேஜார்தான்" என்றார்.

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மகன்கள் இருக்கிற வீடு என்று நான் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட வீடு அது. அங்கேயும் ஏருக்குப் பின்னால் நடக்க ஆள் இல்லை.

அதற்கு அடுத்த மழைக்கு எங்கள் ஊரில் இன்னும் இரண்டு குட்டைகள் வந்தன. ஒருவருடைய கிணறு என் கிணற்றைப் போலவே உப்பாகிவிட்டிருந்தது. அந்தத் தண்ணீரை நம்பி நெல் வைக்க முடியாது என்று, மழைத் தண்ணீரைத் தேக்குகிற மாதிரி மேட்டில் வெட்டினார். இன்னொருவர் வீட்டில், அந்த வெள்ளத்து மீனைத் தின்ற மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து மறுபடி மறுபடி மீன் கேட்டாளாம். மார்க்கெட்டுக்கு யார் நடப்பது என்று வெட்டிவிட்டார்.

மீன் இலாகா ஆள் திரும்ப வந்தபோது அவருக்கு ஒரே ஆச்சரியம். பிள்ளையார் கோயில் எதிரே எல்லோரையும் உட்கார வைத்து, எப்படி மனசு வந்தது என்று கேட்டார்.

"நீங்க சொன்னீங்களே" என்றார்கள். மூத்தாரும் தலையாட்டினார். மகன்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த நல்ல மனுஷர் சந்தோஷமாகச் சைக்கிள் ஏறினார். வேப்பமரத்தடியில் நின்ற என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னையும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. உழவுக்குக் கெஞ்சி நிற்க முடியவில்லை என்று அத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்க மாட்டேன். நானும் நீங்கள் சொன்னதால்தான் என்றிருப்பேன்.

குட்டைகள் வந்ததும் வலை இழுக்கிற பெண்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் வேலை வந்தது. என் தெருக்காரர்களே கிடங்கு வாசலுக்குப் போய் அவர்களைக் கூப்பிட்டார்கள். மீன் பங்கு கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் உயரத்திலிருந்துதான் ஊற்றினார்கள். என் கரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மற்றவர்கள் அதைப் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். முன்பு போல நெருப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மீனைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் கொஞ்ச காலம் வந்தார்கள். தெரிந்துகொண்டதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அது இயற்கைதான்.

பட்டை இடிக்கிற பெண் ஒரு நாள் வரப்பில் நிற்காமல் நேராக என் வாசலுக்கே வந்தாள். அவள் புருஷனுக்குப் பட்டணத்துப் பக்கம் பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது.

"நாளைக்கு ரயிலுக்குப் போறோம்க்கா."

"பசங்களும்?"

"எல்லாந்தான். அங்க கூலி ஜாஸ்தியாம்."

உள்ளே கூப்பிட்டேன். அவள் படி வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கருவாடாக்கி வைத்திருந்த மீனை ஓலைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். "அங்கயும் மீனு இருக்கும்க்கா, கடலு கிட்டத்தான்" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் இருந்தது. ஆனால் அந்த வருஷம் மழை எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தடவை வலை போட்டபோது ஒரு முனைக்கு ஆள் குறைந்தது. மூத்தாரின் சம்சாரம் கரைக்கு வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மீன் நன்றாகவே வந்தது. அவள் பங்கை எடுத்துக்கொண்டு, "அடுத்த மொற சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மற்றப் பெண்களும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு அதன் அறுந்த கண்களை ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தேன். பட்டை இடிக்கிற பெண் வழக்கமாக நிற்கிற வரப்பில் யாரோ போகிற சத்தம் கேட்டது. தலை தூக்கிப் பார்த்தேன். யாரோ வழிப்போக்கர். போய்விட்டார்.